‘மெதுவாக இருக்கிறார்’ என்று எழுதியிருந்தேன்

அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மாமா, இவர் எவ்வளவு பெரிய ஆளாக வருவார்?” என்று கேட்டான். திரையில் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் கூப்பர் ஃபிளாக். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025-ல் டாலஸ் அணி முதல் ஆளாக எடுத்தபோது அவருக்கு வயது 18. கேள்வி முடிவதற்குள் என் வாயில் பதில் தயாராக இருந்தது. இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். உயரம் இவ்வளவு, வயது இவ்வளவு, இன்னாரைப் போல ஆடுகிறார், ஆகவே இத்தனை ஆண்டில் இந்த இடம் என்று ஜாதகம் கணிப்பதைப் போல மளமளவென்று கொட்டியிருப்பேன். ஆனால் பேச வந்ததை விழுங்கிக்கொண்டு, “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். கூடைப்பந்து விஷயத்தில் நான் யோசித்து அவன் பார்த்ததில்லை.

வாயை அடைத்தது ஒரு பழைய நோட்டு. 2009-ல் இருந்து ஒவ்வொரு டிராஃப்டுக்கும் முந்தைய இரவு, அந்த ஆண்டு என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறைத் தொடருக்குள் நுழையப் போகும் பையன்களை நானே வரிசைப்படுத்தி, ஆளுக்கு ஒரு வரி எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் காட்டியதும் இல்லை. 2018-ஆம் ஆண்டின் பக்கம் மட்டும் விதிவிலக்கு. அதைப் பல பேருக்குக் காட்டியிருக்கிறேன். முதல் வரியில் லூகா டான்சிச் பெயர் இருக்கிறது. அந்த ஆண்டு இரண்டு அணிகள் அவரை விட்டுவிட்டு வேறு இருவரை எடுத்தன. மூன்றாவதாக எடுத்த அட்லான்டாவும் உடனே டாலஸுக்குக் கைமாற்றிவிட்டது. பத்தொன்பது வயதில் ஐரோப்பாவின் மிகப் பெரிய தொடரில் கோப்பையும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கிய ஒருவரை “ஓட்டம் போதாது” என்று தள்ளிவிட்டார்கள். நான் தள்ளவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் பெருமையடித்தேன் என்பது என் நண்பர்களுக்குத் தெரியும்.

பக்கத்தைக் காட்டும்போதெல்லாம் கட்டைவிரல் தற்செயலாக அதன் கீழ்ப்பகுதியை மறைத்திருக்கும். அங்கே ஆறாவது வரி: “கெவின் நாக்ஸ். உயரம், வயது, எறியும் கை மூன்றும் இருக்கிறது. வளர்வார்.” பதினான்காவது வரி: “ஷே கில்ஜெஸ்-அலெக்சாண்டர். கை நீளம். மெதுவாக இருக்கிறார். பெரிய அணியில் நல்ல மாற்று ஆட்டக்காரர்.”

அந்த மாற்று ஆட்டக்காரர் 2025-ல் ஒரே சீசனில் எம்விபி என்கிற சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அதிகப் புள்ளிகளுக்கான முதலிடம், சாம்பியன் பட்டம், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று நான்கையும் வாரிக்கொண்டு போனார்.

தவறு செய்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னை அரித்தது வேறு. நான் சோம்பலாகத் தவறு செய்யவில்லை. பாடப்படி தவறு செய்திருந்தேன். இருவரும் ஒரே ஆண்டு கென்டக்கி பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஒரே பயிற்சியாளர், ஒரே எதிரணிகள், ஒரே கோர்ட். இதைவிட நியாயமான ஒப்பீடு கிடைக்காது. நாக்ஸ் ஷேயைவிடப் பதின்மூன்று மாதம் இளையவர். இந்த விஷயத்தில் கொஞ்சம் பழகியவர்கள் முதலில் பார்ப்பது வயதைத்தான். பதினெட்டு வயதில் ஒருவன் செய்வதை இன்னொருவன் இருபத்திரண்டில் செய்தால் இரண்டும் ஒன்றல்ல. முன்னவனுக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி இருக்கிறது. நாக்ஸுக்கு உயரமும் கூடுதல். நியூயார்க் நிக்ஸ் அவரை ஒன்பதாவதாக எடுத்தது, ஷே பதினொன்றாவதாகப் போனார். அணிகளும் என் நோட்டோடு ஒத்துப்போயின.

முதல் சீசன் முடிந்தது. நாக்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 12.8 புள்ளி. ஷே 10.8. ஆறாவது வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

என் கருத்துக்கு நானே வக்கீல்

இரண்டாவது சீசனில் நாக்ஸ் 6.4 புள்ளிக்கு இறங்கினார், சரிபாதி. ஷே, பால் ஜார்ஜ் என்ற நட்சத்திர ஆட்டக்காரரை வாங்குவதற்காக அவருடைய முதல் அணியான கிளிப்பர்ஸ் கொடுத்த விலையின் ஒரு பகுதியாக ஓக்லஹோமாவுக்குப் போய், 19 புள்ளிக்கு ஏறினார். இந்த இடத்திலாவது நோட்டைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பக்கத்தில் கிறிஸ் பால் போன்ற, ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஒரு மூத்த பாயிண்ட் கார்டு இருந்தால் யாருக்கும் வழி திறக்கும் என்றேன். கிறிஸ் பால் போன பிறகும் ஷேயின் புள்ளி ஏறியது, 2021-22-ல் 24.5. அப்போது, “தோற்கிற அணியில் யார் வேண்டுமானாலும் புள்ளி சேர்க்கலாம், பந்தை வேறு யார் கேட்கப் போகிறார்கள்” என்றேன். அதில் உண்மையும் இருந்தது என்பதுதான் கொடுமை. அந்த சீசனில் ஓக்லஹோமா வென்றது 24, தோற்றது 58. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 152-79 என்று, 73 புள்ளி வித்தியாசத்தில், என்பிஏ வரலாற்றிலேயே மோசமான தோல்வியை அடைந்தது அந்த அணிதான். தலையில் அடிபட்டிருந்த ஷே அன்று ஆடவில்லை. நான் அதைக்கூட அவர் கணக்கில் எழுதப் பார்த்தேன்.

2022-23-ல் அவர் சராசரி 31.4 புள்ளிக்குப் போனபோதுதான் வாதாடுவதை நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, “ஆமாம், தவறாகப் பார்த்துவிட்டேன்” என்று சொல்லவில்லை. “அவர் மாறிவிட்டார்” என்று சொன்னேன். இந்தச் சொற்றொடர் எவ்வளவு வசதியானது என்று கவனியுங்கள். மாறியது அவர் என்றால் அன்றைக்கு நான் பார்த்தது சரிதானே.

ஐந்து வருடம் இந்த விளையாட்டைப் பார்க்கிற எல்லோருக்கும் நிகோலா யோகிச் என்ற ஆட்டக்காரரின் கதை தெரியும்: 2014-ல் 41-ஆவதாக எடுத்தார்கள், பெயர் வந்த நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு மூன்று எம்விபி. யானிஸ் அன்டெடோகூன்போ கதையும் தெரியும்: கிரேக்கத்தின் இரண்டாம் நிலைத் தொடரில் இருந்து வந்தவர், 15-ஆவது இடம், முதல் ஆண்டில் ஏழு புள்ளிகூட இல்லை. எனக்கு இந்தக் கதைகள் அலுத்துவிட்டன. தவறாகக் கணித்த எல்லோருக்கும் இவை ஒத்தடம் கொடுக்கின்றன. ‘யாருக்குத்தான் தெரியும்’ என்று கையை விரிக்கச் சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால் 41-ஆவதாக எடுக்கப்படுகிறவர் பெரும்பாலும் 41-ஆவது ஆட்டக்காரராகத்தான் இருப்பார். லெப்ரான் ஜேம்ஸ் விஷயத்தில் யாரும் தவறு செய்யவில்லை. பள்ளியிலேயே பார்த்துச் சொன்னார்கள், 2003-ல் முதல் ஆளாக எடுத்தார்கள், முதல் ஆட்டத்திலேயே 25 புள்ளியும் ஒன்பது அசிஸ்டும் எடுத்தார். பார்த்துச் சொல்ல முடிகிற ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அப்படியானால் நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை?

மறுபடி பார்த்த ஆட்டம்

2025 ஜூன் மாதம் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவை வென்று ஓக்லஹோமா கோப்பையைத் தூக்கிய சில நாள் கழித்து, ஷேயின் முதல் சீசன் ஆட்டம் ஒன்றின் முழுப் பதிவைத் தேடி எடுத்தேன். 2019 ப்ளே-ஆஃப் முதல் சுற்று, கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான நான்காவது ஆட்டம். கிளிப்பர்ஸ் தோற்றது, ஷே 25 புள்ளி எடுத்தார். நான் அன்றே நேரலையில் பார்த்த ஆட்டம் அது. இப்போதைய ஷேயிடம் இருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று அளக்கத்தான் உட்கார்ந்தேன். ‘அவர் மாறிவிட்டார்’ என்ற வழக்குக்குச் சாட்சி தேடித்தான்.

சாட்சி எனக்கு எதிராகத் திரும்பியது. இன்று அவரைத் தடுக்க முடியாதவராக ஆக்கியிருக்கும் அந்த ஒரு காரியம் அன்றே இருந்தது. இந்த ஆட்டத்தில் மட்டும் என்றில்லை, அந்த சீசனின் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் கிடைக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். வேகம் என்று சொல்ல முடியாது, நடையைவிடக் கொஞ்சம் கூடுதல். இடது தோள் கீழே இறங்குகிறது. தோள் இறங்கினால் அடுத்தது பாய்ச்சல்தான் என்று தடுப்பவருக்குத் தெரியும், அவர் பின்னோக்கி இரண்டு அடி எடுத்து வைக்கிறார். பாய்ச்சல் வரவில்லை. ஷே நின்றுவிட்டார். தடுப்பவரின் உடம்பு மட்டும் இன்னும் கூடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது; குதிகாலை ஊன்றித் திரும்புவதற்குள் ஷேயின் நீளக் கை மேலே போய், பந்து கையைவிட்டுப் போய்விட்டது. பேருந்து திடீரென்று நின்றால் நிற்கிறவர்கள் மட்டும் முன்னால் போவார்களே, அப்படித்தான் தடுப்பவர் போனார்.

பதிவைப் பின்னுக்கு ஓட்டி நான்கைந்து முறை பார்த்தேன். 2018-லும் நான் இதைத்தான் பார்த்திருக்கிறேன். பார்த்து, என் கையால் எழுதியும் வைத்திருக்கிறேன். “மெதுவாக இருக்கிறார்.” கண் ஏமாற்றவில்லை, சொல்தான் ஏமாற்றியிருக்கிறது. ஒரு பையன் மற்ற எல்லோரையும்விட வேறு தாளத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, என்னிடம் இருந்த ஒரே சொல்லான ‘மெதுவு’ என்ற சொல்லை எடுத்து அதன்மேல் வைத்திருக்கிறேன். வைத்ததும் அது குறையாகிவிட்டது. குறையானதும் பதினான்காவது வரிக்குப் போய்விட்டது.

என்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. டிராஃப்டுக்கு முன் பையன்களை வரிசையில் நிறுத்தி உயரம், கை நீளம், நின்ற இடத்தில் எவ்வளவு எம்புகிறார்கள், கோர்ட்டின் முக்கால் பங்கு தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறார்கள் என்றெல்லாம் அளக்கிறார்கள். ஓடுகிறவன் எவ்வளவு அழகாக நிற்கிறான் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. 2007-ல் 185 பவுண்டு எடையைப் படுத்தபடி தூக்கச் சொன்னபோது கெவின் டுரான்ட்டால் ஒருமுறைகூட முடியவில்லை. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார்கள். அளவு சரியானதுதான், பூஜ்யம் பூஜ்யம்தான். அது எதை அளந்தது என்பதுதான் கேள்வி. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. கவாய் லெனார்ட் கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் நான்கில் ஒன்றைத்தான் போட்டார். எறியத் தெரியாதவர் என்று முத்திரை விழுந்து, 2011-ல் 15-ஆவது இடம் வரை வழுக்கினார். ஆனால் ஃப்ரீ த்ரோவில் ஏறக்குறைய நான்கில் மூன்று போட்டிருந்தார். எதிரில் யாரும் இல்லாமல், ஒரே இடத்தில் நின்று, அவசரமில்லாமல் எறிகிற ஃப்ரீ த்ரோவில்தான் கையின் உண்மை தெரியும், பின்னால் மூன்று புள்ளி வருமா என்பதை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும் என்று இப்போது பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அன்றும் அந்த எண் எல்லோர் தாளிலும் இருந்தது.

நாக்ஸையும் பார்த்தேன்

இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை எனக்குச் சாதகமாக முடிந்திருக்கும். ‘கண் இருந்தது, சொல் இல்லை’ என்பது தவறைக்கூட ஒரு நகை மாதிரி அணிந்துகொள்ளலாம் என்கிற அளவுக்கு அழகான வாக்கியம். ஒரு வாரம் அணிந்துகொண்டும் திரிந்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. முடிவு தெரிந்த பிறகு பார்க்கிறவனுக்கு எதுவும் அறிகுறியாகத்தான் தெரியும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறார்கள். முளையில் எல்லாமே பச்சைதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

அதனால் நாக்ஸின் முதல் சீசனைத் திறந்தேன். அவர் சாம்பியன் ஆகிவிட்டார், எம்விபி வாங்கிவிட்டார், அதற்கான அடையாளத்தை மட்டும் தேடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். கிடைத்தது. அவரிடம் ஒரு ஃப்ளோட்டர் உண்டு. கூடைக்குப் பத்தடி தூரத்தில், உயரமான தடுப்பாளர் எம்புவதற்குச் சற்று முன், உள்ளங்கையால் பந்தை மேலே தள்ளிவிடுவார். பந்து தடுப்பவரின் விரல் நுனிக்கு மேலே மிதந்து, கூரையைத் தொட்டு வருவது போல வளைந்து, வலையில் இறங்கும். ஆறடி ஒன்பது அங்குல உயரத்தில் அப்படி ஒரு மென்மையான கையை நான் அதிகம் பார்த்ததில்லை. கதை வேறு மாதிரி முடிந்திருந்தால் இன்று இந்தப் பத்தியில் நான் வர்ணிப்பது ஷேயின் நிற்றலை அல்ல, நாக்ஸின் ஃப்ளோட்டரை. இதே உற்சாகத்தோடு, இதே ‘அன்றே இருந்தது’ தொனியில்.

இது என்னை முதல் தவறைவிட அதிகம் உலுக்கியது.

சூழலைச் சொல்லித் தப்பிக்கவும் பார்த்தேன். நிக்ஸில் நாக்ஸுக்கு முதல் மூன்று சீசனில் மூன்று பயிற்சியாளர்கள்: முதலாமவரை 2019 டிசம்பரில் நீக்கினார்கள், ஒருவர் தற்காலிகமாக வந்தார், பிறகு மூன்றாமவர். ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை, ஒவ்வொரு யோசனையிலும் அந்தப் பையனுக்கு வேறு இடம். ஆக, நிலம்தான் காரணம் என்று எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதும்போதே ஷேயின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். டாக் ரிவர்ஸ், பில்லி டோனவன், மார்க் டெய்னால்ட். அவருக்கும் முதல் மூன்று சீசனில் மூன்று பயிற்சியாளர்கள்தான். எழுதியதை அடித்தேன்.

அதற்காகச் சூழலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஓக்லஹோமா தோற்றுக்கொண்டிருந்த அந்த இரண்டு சீசன்களில் அவசரம் என்று ஒன்று இல்லவே இல்லை. வெல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத அணியில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு இருபது முறை நின்று நின்று பார்க்கலாம். தடுப்பவர் எத்தனையாவது அடியில் திரும்புகிறார் என்று பொறுமையாகக் கற்றுக்கொள்ளலாம். எந்த சீசனை நான் ‘யார் வேண்டுமானாலும் புள்ளி சேர்க்கலாம்’ என்று எள்ளினேனோ, அதுதான் அவருடைய பட்டறையாக இருந்திருக்கிறது. கிளிப்பர்ஸிலேயே இருந்திருந்தால் கவாய் லெனார்ட்டும் பால் ஜார்ஜும் பந்தை வைத்திருக்க, இவர் ஓரத்தில் நின்று மூன்று புள்ளி எறிந்துகொண்டிருப்பார். ஒருவேளை, ஒரு பெரிய அணியில் நல்ல மாற்று ஆட்டக்காரராக. என் பதினான்காவது வரி பலித்திருக்கும், நான் அதையும் பல பேருக்குக் காட்டியிருப்பேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு பையனைப் பற்றி ‘உச்சவரம்பு’ என்கிற பொருளில் பேசுகிறார்கள்: இவனுடைய உச்சவரம்பு ஆல்-ஸ்டார், இவனுடையது எம்விபி. நாம் அந்தச் சொல்லை நிலத்துக்கு வைத்திருக்கிறோம். நிலத்துக்குப் பொருந்தும், அது அங்கேயே இருக்கும், அளந்து கல் நடலாம். டெரிக் ரோஸ் 2011-ல் 22 வயதில் எம்விபி வாங்கினார். அவருக்கு முன் அந்த வயதில் யாரும் வாங்கியதில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் முழங்கால் போனது. அவருடைய உச்சவரம்பு எது? இளம் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமாவுக்கு 2025 பிப்ரவரியில் தோளில் ரத்தம் உறைந்தது என்ற செய்தி வந்த அன்று, என் நோட்டில் அவரைப் பற்றி எழுதியிருந்த பெரிய பெரிய வாக்கியங்களைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நல்லவேளை, திரும்பி வந்துவிட்டார்.

அக்கா மகனுக்குப் பதில் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஃபிளாக்கின் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தேன். நோட்டில் 2025-ஆம் ஆண்டின் பக்கத்தில் முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘வளர்வார்’, ‘வருவார்’ என்று ஒரு வினைச்சொல்லும் சேர்க்காமல், கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன்: “டியூக் பல்கலைக்கழக அணியில் ஃப்ரீ த்ரோ 84 விழுக்காடு. பந்து மறுபக்கம் இருக்கும்போதே கூடைக்கு அடியில் வந்து நின்று பிளாக் செய்கிறார். பந்து கைக்கு வந்தால் வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. உடனே பாஸ், அல்லது உடனே பாய்ச்சல். எப்போதும் அவசரத்தில் இருக்கிறார்.” கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அவசரம்’ என்பது பார்த்ததா, தீர்ப்பா? அதையும் அடித்துவிட்டு, “கால்கள் நிற்பதே இல்லை” என்று மாற்றினேன்.

அவனிடம் நோட்டைக் கொடுத்தேன். முழுப் பக்கத்தையும் இரண்டு முறை படித்தான்.

“மாமா, இதில் பதிலே இல்லையே.”

“இதுதான் எனக்குத் தெரிந்தது.”

என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தான். என் வரிகளுக்குக் கீழே தேதி போட்டு, “எம்விபி. மூன்று முறை” என்று எழுதினான். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மூன்று’ என்பதற்கு அடியில் கோடு போட்டான்.